ஏறக்குறைய

நூற்றிலிருந்து ஏழு ஏழாகக் கழிச்சிட்டே வாங்க, மேடம்,
என்கிறாள் தாதி ஷர்மினி.
அவள் கையிலிருந்த தாளில், அச்சடித்த தமிழில்,
ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. சொன்னேன்.
சிரித்தாள். அதற்கு மதிப்பெண் கிடையாதாம்.

தொண்ணூற்று மூன்று.
எண்பத்தாறு.
நொவீனாவுக்கு மேல் மழைக்கு முந்தைய இருட்டு.
எழுபத்தொன்பது.

முப்பத்தோரு வருடம்
ஒருவர் வாயிலிருந்து எடுத்து
இன்னொருவர் காதில் வைக்கும் வேலை எனக்கு.
‘ஐயா, தெரியாம செஞ்சிட்டேன்’ என்றால்
அந்த ஐயாவையும் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.
அழுகையை மொழிபெயர்ப்பதில்லை. அது விதி.

போன மாதம் ஒரு சைக்கிள் திருட்டு வழக்கு.
சாட்சி, கப்பல் பட்டறைப் பையன்.
எத்தனை மணி இருக்கும், துல்லியமாக வேண்டாம்
என்ற பொருளில் நீதிபதி ஒரு சொல் சொன்னார்.
அதற்குத் தமிழ் இல்லை.
இருந்தது, நேற்று வரை இருந்தது.
பையன் என் உதட்டையே பார்க்கிறான்.
பதினோரு விநாடி.
ஒலிப்பதிவைக் கேட்டேன் பிறகு:
யாரோ ஒரு கிழவி மூச்சு விடுகிறாள்.

அன்று மாலை, புளோக் லிஃப்டில்,
எட்டாம் மாடி தாண்டுகையில்
தானாக வந்து நின்றது: ஏறக்குறைய.
ஈரச்சந்தையில் மீன்காரரிடம்
தினம் சொல்கிற சொல்.

எழுபத்திரண்டு. அறுபத்தைந்து.
போதும், என்றாள் ஷர்மினி.
வாய் நின்றது. தலை நிற்கவில்லை.

ஆமை, குடை, ஜன்னல், மஞ்சள், கோடாலி.
இதை ஞாபகம் வச்சுக்குங்க, அப்புறமா கேட்பேன்.
கேட்டபோது மூன்றுதான் இருந்தன.
கடிகாரமும் வரைந்தேன்.
அவர்கள் சொன்னது நாலரை மணி.
தாளில் இருந்தது ஒன்பதே முக்கால்.

டாக்டர் யீ திரையை என் பக்கம் திருப்பினார்.
என் மகனைவிட இரண்டு வயது கூட இருக்கலாம்.
இந்த இடம்தான், என்றார், பேனா முனையால்;
வயதும் இங்கேதான் வரும், பயமும் இங்கேதான் வரும்,
எது எவ்வளவு தின்றது என்று
படத்தில் பிரித்துப் பார்க்க முடியாது.
அவர் சொன்ன ஒற்றை ஆங்கிலச் சொல்லை
பழக்கத்தில் உள்ளுக்குள் திருப்பிப் பார்த்தேன்.
சுருங்கியிருக்கிறது? அது பருத்திச் சேலைக்கு.
வற்றியிருக்கிறது? குளத்துக்கு.
தேய்ந்திருக்கிறது என்றால் வளரவும் கூடும்.
அதையே வைத்துக்கொண்டேன்.
மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடாத காரியம்.

சமீபத்தில் மன அழுத்தம் ஏதாவது?
இல்லை, என்றேன்.
நன்றாகத் தூங்குகிறீர்களா?
ம்.

பேருந்தில் உட்கார்ந்ததும் தலை விட்ட இடத்தில் தொடர்ந்தது.
ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்று, நாற்பத்து நான்கு,
முப்பத்தேழு, முப்பது.
மாத்திரை பெயர் மறக்கிறது,
அடுப்பில் பால் மறக்கிறது,
இது மட்டும் பிசகாமல் இறங்குகிறது.
இருபத்து மூன்று.
பதினாறு.

பதினாறு கிராம் சொச்சம்.
ஆய்வுக்கூடத் தாளில் அப்படித்தான் இருக்கிறது.
கோடு பதினைந்தில்.
இந்த நாட்டில் அந்தக் கோட்டை
எத்தனை தாய்மாருக்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன்,
குரல் மாறாமல், தண்ணீர் குடிக்காமல்.

பதினாறில் ஏழு போனால் ஒன்பது.
ஒன்பது என்றால்
நரைத்த தலையோடு ஒருநாள் வெளியே வருவான்,
நான் இருக்க மாட்டேன், அவ்வளவுதான்.
சின்னக் கணக்கு. ஒன்றாம் வகுப்புக் கணக்கு.
கழிக்க வரவில்லை.
இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.
மழையும் பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை, சாங்கி, ஒன்பதே முக்கால்.
என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நவிந்திரன்
தொலைபேசியை எடுக்கிறான்.
சாப்பிட்டியாம்மா?

காலையில் சட்டி கழுவியது நினைவிருக்கிறது.
அதில் என்ன இருந்தது?

சாப்பிட்டேன்பா, என்றேன்.
சத்தியப்பிரமாணம் எடுக்காமல்
சொன்ன பதில்.